வீரரின் விருந்தினர்

லிட்கம், சிட்னி
4 மார்ச் 2012

அன்புள்ள அஞ்சலீனா அக்காவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நான் நல்ல சுகம். அங்கே நீங்களும் தேவராஜா அத்தானும் மருமகள் அனோஜினியும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் சளிக்காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். விட்டுவிட்டதா?

கணினியில் முகம் பார்த்துக் கதைக்கலாம், அம்மா வாய் அசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வா என்று உங்கள் மகள் அனோஜினி செய்தி அனுப்பியிருந்தாள். எனக்கு அது சரிவராது அக்கா. இங்கே பகல் என்றால் அங்கே இரவு. ஷெல் விழுந்து உங்கள் காது போன காலத்திலிருந்து எங்களுக்குக் கடிதம்தானே பழக்கம். அப்படியே இருக்கட்டும்.

வேலை அதே இறைச்சித் தொழிற்சாலையில்தான். மாலையில் யூசுப்பின் பயிற்சிக்கூடம். போன சனிக்கிழமை பரமற்றா பக்கம் ஒரு கிளப் மண்டபத்தில் குத்துச்சண்டை இருந்தது. வென்றேன். புருவத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான்.

இப்போது பெரிய செய்தி. சண்டைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் என்னைக் கேட்டு வந்தார். நவம்பரில் ஜேர்மனியில் சண்டை. உங்கள் ஹாகனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லாத நகரம். எதிரி இருபத்திரண்டு வயது உள்ளூர்ப் பெடியன், இதுவரை தோற்காதவன். சண்டை முடிந்த மறுநாள் உங்கள் வீட்டுக்கு வருவேன். மீன் குழம்பு வைத்துவிடுங்கள்.

அத்தானையும் மருமகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கொட்பிறி


ஹாகன், ஜேர்மனி
27 மார்ச் 2012

அன்பான தம்பி கொட்பிறிக்கு,

காய்ச்சல் போய்விட்டது. இருமல் மட்டும் நிற்கிறது. புருவத்தில் கீறல் என்று எழுதியிருந்தாய். தையல் போட்டார்களா? மூக்கு எப்படி? உன் கடைசிப் படத்தில் அது இடப்பக்கம் சாய்ந்தமாதிரித் தெரிந்தது.

கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். நான் மன்னாரைவிட்டு வந்தபோது உனக்கு மீசை முளைக்கவில்லை. பதினான்கு வருடம். மறுநாள் வரும்வரை நான் காத்திருக்க மாட்டேன். மூன்று பேரும் மண்டபத்துக்கே வருவோம்.

அத்தான் என்னைவிடச் சந்தோசமாக இருக்கிறார். பார்சல் வான் ஓட்டிக் களைத்து வந்தாலும் விளையாட்டு என்றால் எழும்பி உட்காரும் மனிதர். முன்பு இரண்டு கிழமைக்கு ஒருதடவை உதைபந்தாட்டம் பார்க்கப் போவார், கோலுக்குப் பின்னால் நின்று கத்திவிட்டு வருவார். வருடாவருடம் விலையை ஏற்றி ஏற்றி இப்போது அவர்மாதிரி ஆட்களுக்கு அந்தப் பக்கமே போகமுடியாமல் போய்விட்டது. சனிக்கிழமைகளில் கெபாப் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று தொலைக்காட்சியில் பார்க்கிறார். உன்னுடைய சண்டையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். முப்பது வயதாகிவிட்டது. இந்தச் சண்டையை ஏன் இன்னும் விடவில்லை?

நேரத்துக்குச் சாப்பிடு. மாதாவின் பாதுகாவல் உன்னோடு இருக்கட்டும்.

அன்புடன் அக்கா,
அஞ்சலீனா


லிட்கம்
20 மே 2012

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமலுக்கு மஞ்சள் போட்டுப் பால் குடியுங்கள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பென்டில் ஹில் தமிழ்க் கடைக்குப் போய் மாசிக் கருவாடு வாங்கிவந்து சம்பல் போட்டேன். உங்கள் கைப்பக்குவம் வரவில்லை.

ஏன் விடவில்லை என்று கேட்டீர்கள். நான் வந்த புதிதில் ஒரு மாலை, வேலை முடிந்து வரும்போது ஸ்டேசன் பாலத்தின் கீழே மூன்று பேர் மறித்தார்கள். பையைக் கொடுத்துவிட்டேன். அப்படியும் அடித்தார்கள். விழுந்த பிறகும் உதைத்தார்கள். என் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்தது. ரயிலால் இறங்கிவந்த சனம் என்னைச் சுற்றி விலகி நடந்தது. அந்த மாதமே யூசுப்பிடம் போனேன். டயர்க் கடைக்குப் பின்னால் கூடம் வைத்திருக்கும் துருக்கிக்காரர். “அடிக்கப் பழகவேணுமா, விழாமல் நிக்கப் பழகவேணுமா?” என்று கேட்டார். விழாமல் நிற்க என்றேன். அதைத்தான் பழக்கினார். இன்று சிட்னியில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், கொட்பிறி லேசில் விழமாட்டான் என்று.

ஆனால் அக்கா, நீங்கள் மண்டபத்துக்கு வரவேண்டாம். நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்தேன். கடைசி வரிசைக்கே நான் ஒரு கிழமை மாடு வெட்டும் காசில் பாதி. இங்கே கிளப்பில் லொறி ஓட்டுகிறவனும் பெயின்ற் அடிக்கிறவனும் வந்து பார்ப்பார்கள். அங்கே மேடையைச் சுற்றி மேசை போட்டு வைன் ஊற்றிக் கொடுப்பார்களாம். எங்கள் ஆட்களுக்கான இடமில்லை அது. சண்டை பிடிக்கிறவர்களுக்கு இலவச ரிக்கற்றும் இல்லை. அந்தக் காசில் அனோஜினிக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். மறுநாள் நானே வருகிறேன்தானே.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கொட்பிறி


ஹாகன்
15 ஜூலை 2012

அன்பான தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அனோஜினி பள்ளிக்கூட விடுமுறையில் நிற்கிறாள். உன் உடம்பு எப்படி? உண்மையைச் சொல்.

நீ எழுதியது பொய்யில்லை. நானும் அனோஜினியும் ரிக்கற் விற்கும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். மலிவான இடங்கள் விற்பனை தொடங்கிய அன்றே முடிந்துவிட்டனவாம். வாங்கியவர்கள் பார்க்கப் போகிறவர்கள் இல்லை, மூன்று மடங்குக்கு விற்கப்போகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே மண்டபத்தில் குடும்பமாக வந்து பார்ப்பார்கள் என்று அவளே சொன்னாளாம். அனோஜினி எழுதிக் காட்டினாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற வயதான மனிதர் விலையைக் கேட்டுவிட்டுக் கவுண்டர் மேசையை முஷ்டியால் குத்தினார். கண்ணாடி வெடித்துக் கையெல்லாம் இரத்தம். நான் அந்த மனிதரை விளங்கிக்கொண்டேன்.

அத்தான் விடுவதாக இல்லை. அன்றைக்கு வாசலில் விற்கிற ஆட்கள் இருப்பார்கள், சண்டை தொடங்கும் நேரம் விலை இறங்கும் என்கிறார்.

இன்னொன்று. உன் கையெழுத்து ஏன் இப்படி மாறிவிட்டது? பள்ளியில் பரிசு வாங்கிய கை. இந்தக் கடிதத்தில் வரிகள் கீழே கீழே சரிந்து போகின்றன. “அனோஜினி” என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மேலே செருகியிருக்கிறாய்.

உடனே பதில் போடு.

அக்கா


லிட்கம்
30 செப்டம்பர் 2012

அன்புள்ள அக்கா,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்கவேண்டாம். பயிற்சி கடுமை. கை கொஞ்சம் சுளுக்கு, அதுதான் எழுத்து அப்படி. வேறு ஒன்றுமில்லை.

வரவேண்டாம். அத்தானுக்கும் சொல்லுங்கள். வாசலில் விற்கிறவர்கள் எல்லாம் கள்ளர்கள். நான் ஞாயிறு காலை வருவேன். கதவைத் திறந்து வையுங்கள், அது போதும்.

சுகமாக இருங்கள்.

கொட்பிறி


ஹாகன்
9 டிசம்பர் 2012

என் தம்பிக்கு,

நீ சிட்னிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று யூசுப் அனோஜினிக்குச் செய்தி அனுப்பினார். தாடையில் போட்ட கம்பியை எப்போது கழற்றுவார்கள்? கஞ்சியாவது இறங்குகிறதா?

ஆஸ்பத்திரியில் மருந்து மயக்கத்தில் இருந்தாய். கண் திறந்த நேரமெல்லாம் என்னைக் கண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாய். அதனால் அந்த மாலை நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரியவேண்டும்.

நாங்கள் மண்டபத்துக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தான் வாசலில் நின்றவர்களிடம் விலை கேட்டுக் கேட்டு அலைந்தார். சண்டைகள் தொடங்கியும் விலை இறங்கவில்லை. கடைசியில் நீல அங்கி போட்ட ஒருவனிடம் இரண்டு கிடைத்தது. மூன்றாவது இல்லை. “நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ, நான் இதிலை நிக்கிறன்” என்று அத்தான் எங்களைக் கதவடிக்குக் கூட்டிவந்தார்.

காவலாளி என் ரிக்கற்றைக் கருவியில் காட்டினான். சிவப்பு. அனோஜினியுடையதும் சிவப்பு. இந்த இருக்கைகளில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள் என்றானாம். அந்த நீல அங்கிக்காரன் ஒரே ரிக்கற்றை இரண்டு தரம் விற்றிருக்கிறான். காவலாளி எனக்கு ஏதோ சொன்னான். கேட்காததால் நின்ற இடத்திலேயே நின்றேன். என் கையைப் பிடித்து ஓரமாக விட்டான். நான் அனோஜினி எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வாய் பெரிதாகத் திறந்திருந்தது. அவள் பார்க்கிற பக்கம் பார்த்தேன். அத்தான் நிலத்தில் கிடந்தார். இரண்டு பேர் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தார்கள். மூன்றாமவன் சப்பாத்துக் காலால் முகத்தில் உதைத்தான். ஒருதடவை இல்லை. அவருடைய கையும் காலும் அசையாமல் போன பிறகும் உதைத்தான். நான் அவன் காலைக் கட்டிப்பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு உதைத்தான். ஈரச் சீமெந்தில் இரத்தம் ஓடி இரும்புத் தடுப்புக்குக் கீழே போனது. எனக்கு ஒரு சத்தமும் இல்லை தம்பி. எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது.

அம்புலன்சில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தானை உள்ளே எடுத்துவிட்டு எங்களை நடைபாதைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் இன்னொரு தள்ளுவண்டி வந்தது. அதில் கிடந்தவனுக்கு முகம் இருக்கவில்லை. ஒரு கண் மூடி உருண்டையாக வீங்கி, வாய் கிழிந்து, தாடை ஒரு பக்கம் விலகி. நான் பாவம் என்று பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினேன். வண்டி என் முழங்காலைத் தாண்டும்போது போர்வை விலகிக் கால் தெரிந்தது. கணுக்காலில் சின்ன வயதில் திருக்கை மீன் முள் குத்திய வடு. வங்காலைக் கரையில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அந்த வடுவைத் தெரியாதா எனக்கு?

பதினான்கு வருடத்துக்குப் பிறகு என் தம்பியைக் கண்டது அப்படித்தான்.

அனோஜினி ரிக்கற்றுகளை இன்னும் கைக்குள் கசக்கிப் பிடித்திருந்தாள். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தோம். “வீரரின் விருந்தினர்” என்று அச்சடித்திருந்தது. கீழே உன் பெயர். இலவச ரிக்கற் இல்லை என்று எழுதியிருந்தாயே.

உன்னில் எனக்குக் கோபமில்லை. ஏன் வரவேண்டாம் என்றாய் என்பது எனக்கு முதலே தெரியும். யார் யாரோடு சண்டை பிடித்தார்கள், யார் வென்றார்கள் என்பதெல்லாம் இணையத்தில் இருக்கிறதாம். அனோஜினி எப்போதோ பார்த்துச் சொல்லிவிட்டாள். வென்றேன் என்று மார்ச்சில் எழுதியதிலும் நீ தோற்றாய். அதற்கு முந்தியதிலும், அதற்கு முந்தியதிலும். வளர்ந்துவரும் பெடியன்களுக்கு அடித்துப் பழக ஓர் ஆள் வேண்டும், லேசில் விழாத ஆளாக இருந்தால் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த காசு தீரும். அதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். தெரிந்துகொண்டுதான் வந்தேன். நீ வெல்வதைப் பார்க்க இல்லை. அவ்வளவு பெரிய மண்டபத்தில் உன்னுடைய ஆள் என்று ஒருவராவது இருக்கவேண்டாமா?

அத்தானின் வலது கண்ணுக்கு இன்னும் கட்டு. தை மாதம் அறுவைச் சிகிச்சை.

எழுது. பொய்யாவது எழுது.

அக்கா


ஹாகன்
17 பெப்ரவரி 2013

தம்பிக்கு,

சுகமா? நத்தார்ப் பண்டிகைக்கும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அத்தானின் கண் சரிவரவில்லை. வான் ஓட்ட இனி அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. வானை வேறு ஆள் வந்து எடுத்துப்போனார். குசினிக் கதிரையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. காவலாளிகள் மேல் வழக்குப் போடுவோம் என்றாலும் வேண்டாம் என்கிறார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று யூசுப் சொல்கிறார். அதை நீ சொல்.

அக்கா


லிட்கம்
24 மார்ச் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கம்பியைக் கழற்றிவிட்டார்கள். சோறு மெல்ல முடிகிறது. கை நடுங்குகிறது, அதனால் இதை மூன்று நாளாக எழுதுகிறேன். உங்களுக்கும் அடிபட்டதா என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அத்தானின் கண்ணைப் பற்றி டிசம்பரில் நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு யூசுப்பின் கூடத்தில் போய் இருந்தேன். பயிற்சி இல்லை, சும்மா. அங்கே அந்தத் தரகர் வந்தார். வெயில் கண்ணாடி, கையில் ஒரு உறை. மே மாதம் டென்மார்க்கில் ஓர் ஆள் தேவையாம். யூசுப் வெளியே போகச் சொன்னார். தரகர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஜேர்மனியில் சனத்துக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். எனக்கென்று இருந்த இரண்டு இலவச ரிக்கற்றும் எங்கே போனது என்று.

“நீதானே ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு சொன்னனீ. சும்மா கிடக்கவிடுறதே? அங்கை ஒரு பெடியனிட்டைக் குடுத்தன். உன்னுடைய சம்பளத்தைவிட அது நல்ல விலைக்குப் போச்சு” என்று இங்கிலீசில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அக்கா, மேடைக்கு வெளியே நான் ஒருவரையும் அடித்ததில்லை. அந்தப் பாலத்துக்குக் கீழே நடந்த பிறகும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தேன். முதல் அடியில் கண்ணாடி உடைந்து அவருடைய கன்னத்தில் ஏறியது. சுவரோடு சாய்ந்தார். மேடையில் என்றால் அந்த இடத்தில் நடுவர் வந்து பிரிப்பார். ஒருவரும் வரவில்லை. கையுறையும் இல்லை. பல் என் விரல் முட்டியில் குத்தியது. கீழே விழுந்த பிறகும் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யூசுப் பின்னால் வந்து கழுத்தைக் கட்டி இழுத்துப் போட்டார். தரகருக்கு மூக்கும் கன்ன எலும்பும் போய்விட்டன. சப்பாத்து ஒன்று கழன்று தூரக் கிடந்தது. அதை எடுத்துவந்து அவருடைய காலடியில் வைத்தேன்.

பொலிஸ் வரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். நீதிமன்றத்தில் செய்தது நான்தான் என்று சொன்னேன். சட்டத்தரணி என்னுடைய ஆஸ்பத்திரி அறிக்கைகளைக் காட்டினார். சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் குற்றம் பதிவாகிவிட்டது, சண்டைக்கான அனுமதியை நிரந்தரமாகப் பறித்துவிட்டார்கள். இனி எந்த நாட்டிலும் மேடை ஏற முடியாது. யூசுப் என் கையுறைகளைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிற வேலையிலிருந்து பெட்டி அடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் அந்த இரண்டு ரிக்கற்றையும் உங்களுக்கு அனுப்பியிருந்தால் அத்தான் இன்றும் வான் ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்கத் தைரியமில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அவரைக் கவனமாகப் பாருங்கள்.

கொட்பிறி


ஹாகன்
21 ஏப்ரல் 2013

அன்பு மச்சான் கொட்பிறிக்கு,

தேவராஜா எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருடம். ஒரு கண்ணால் எழுதுவதால் வரி வளைந்தால் பொறுத்துக்கொள். இங்கே அக்காவும் அனோஜினியும் சுகம். அக்காவின் காலில் இரத்தக் கண்டல்தான், ஆறிவிட்டது. நீ சாப்பிடத் தொடங்கியதில் எல்லோருக்கும் நிம்மதி.

உன் கடிதத்தை அக்கா எனக்கு வாசிக்கத் தந்தாள். நீ கேட்டதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

காவலாளிகள் சும்மா நின்ற மனிதனை அடித்தார்கள் என்று அக்கா நினைக்கிறாள். அனோஜினியும் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தொடக்கத்தைக் காணவில்லை. வழக்கு வேண்டாம் என்று நான் சொன்னது அதனால்தான். முதலில் அடித்தது நான்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் உன் பெயரை உடைத்து உடைத்துச் சொன்னார்கள். அக்காவுக்கு அது கேட்காது. அவள் ரிக்கற்றை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பிறகு ஒரு பெரிய இரைச்சல். நீ விழுந்துவிட்டாய் என்று விளங்கியது. பத்து எண்ணும்வரை எழும்பாவிட்டால் தோல்வி, முழு மண்டபமும் நடுவரோடு சேர்ந்து எண்ணத் தொடங்கியது. ஜேர்மன் மொழியில், பாட்டுப் படிக்கிறமாதிரி, சிரிப்போடு. ஒன்று, இரண்டு. நான் கோலுக்குப் பின்னால் நின்று கத்திய காலத்தில் எங்கள் பெடியன் விழுந்தால் எழும்பு எழும்பு என்றுதான் கத்துவோம். இவர்கள் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வந்து, ஒரு மனிதன் எழும்பாமல் கிடக்கவேண்டும் என்று எண்ணுகிறார்கள். காவலாளியும் உதட்டுக்குள் சேர்ந்து எண்ணினான். அதைக் கண்டேன். ஐந்து, ஆறு. அவனுடைய வாயில் குத்தினேன். என் வாழ்க்கையில் நான் ஓர் ஆளைக் குத்தியது அதுதான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன். பின்னாலிருந்து பிடித்தார்கள்.

ஆகவே என் கண் போனதற்கு நீ காரணமில்லை, ரிக்கற்றும் காரணமில்லை. ரிக்கற் பச்சை காட்டியிருந்தாலும் நான் வெளியேதான் நின்றிருப்பேன், அந்த எண்ணிக்கை எனக்குக் கேட்டுத்தான் இருக்கும். தரகருக்கு அடித்ததை வைத்து நீ உன்னைத் தின்னாதே. இரண்டு பேரும் ஒவ்வொருதரம் கையை நீட்டினோம், இரண்டு பேரும் அதற்கு விலை கட்டிவிட்டோம். போதும்.

இதை எழுதி முடித்ததும் உன் அக்காவுக்கு வாசிக்கக் கொடுப்பேன். அவளுக்கும் தெரியட்டும்.

கடைசியாக ஒன்று, இதை நீ கட்டாயம் தெரிந்துகொள். அவர்கள் எட்டு வரைக்கும் எண்ணினார்கள். ஒன்பது வரவில்லை. மண்டபம் சட்டென்று அடங்கிப்போனது. நீ எழும்பிவிட்டாய். உள்ளே இருந்த ஒரு சீவனும் அதற்குக் கை தட்டவில்லை. என்னை அப்போது நிலத்தில் அழுத்திவிட்டார்கள், வாயெல்லாம் மழைத்தண்ணீரும் இரத்தமும். நான் கத்தினேன், கொட்பிறி, கொட்பிறி என்று. அவர்கள் உதைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், உதைத்து முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

சுகமாக இரு.

இப்படிக்கு,
உன் அத்தான் தேவராஜா